நீரோரத்தில் நட்ட குச்சி

இருக்கன்குடி அணையில் நீர் வற்றியதும் வெளிப்படும் வண்டலில் என் சித்தப்பா வெள்ளரி போடுவார். அணை மீண்டும் பெருகுமுன் காயைப் பறித்துவிட வேண்டும். அந்த வெள்ளாமைக்கு வேறு நிபந்தனை இல்லை. இவ்வாண்டு கோடைமழை முந்திக்கொண்டது. மேற்கே மலையில் பெய்தது ஆற்றில் இறங்க, நீர் மெல்ல ஏறத் தொடங்கியது. விடிந்ததும் நீரின் விளிம்பில் சித்தப்பா ஒரு கருவேலங்குச்சியை நடுவார். நீர் அதைக் கடந்து எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்த்தே எந்த வரிசையைப் பறிப்பது என முடிவு செய்வார். குச்சி எதற்கென்று நான் அதுவரை கேட்டதில்லை.

அப்படி ஒருநாள் காலையில் நானும் அணைக்குப் போனேன். மறுநாள் எனக்குச் சூலக்கரையில் பேச்சுப்போட்டியின் இறுதிச்சுற்று. பயிற்சிக்கு அணையைவிடச் சிறந்த அரங்கம் எனக்கு வாய்த்ததில்லை. ஆனால் கையில் ஒலிவாங்கி இருந்தால்தான் எனக்குச் சொல் ஒழுங்காக வரும். கணுக்கால் ஆழத்தில் ஒரு குச்சி நின்றது. பிடுங்கிக்கொண்டு, கரைமேல் ஏறிப் பேசினேன்.

நண்பகலில் சித்தப்பா வந்து பார்த்தார். குச்சி இல்லை, முழுகிவிட்டது என்றே எண்ணினார். பிஞ்சென்றும் பாராமல் எல்லாவற்றையும் பறிக்கும்படி சித்தியிடம் சொல்லிவிட்டார். மூன்று நாள் கிடந்தால் சந்தைக்குத் தேறும் காய்கள் அவை. விரல் நீளப் பிஞ்சுகள் கூடையில் விழுவதைக் கண்டு காரணம் கேட்டேன்.

"குச்சி முங்கிருச்சுப்பா," என்றார் சித்தி. "அம்புட்டு வேகமா ஏறுது."

என் கையைப் பார்த்தேன். பேச்சுக்கு மைக்காகப் பிடுங்கியதைச் சொன்னேன். குச்சியை நீட்டினேன். சித்தப்பா அதை வாங்கவில்லை.

"ஏலே, இது எங்கன இருந்துச்சு?"

இடம் மறக்கவில்லை, அருகில் ஒரு வெள்ளைக்கல் கிடந்தது.

"அப்ப அங்கனயே போயி நில்லு. பொழுது அடையுற வரைக்கும் நீதான் குச்சி."

நின்றேன். அவர் கேட்கும்போதெல்லாம் மேடைக்குப் பழகிய குரலில் நீர்மட்டத்தை அறிவித்தேன்.

"கரண்டைக்குத்தான் சித்தப்பா."

மூன்றாம் முறையும் நீர் கணுக்காலைத் தாண்டவில்லை என்றதும் சித்தி கூடையை இறக்கிவைத்தார். மிச்சப் பிஞ்சுகள் கொடியிலேயே தங்கின. பொழுது சாய்ந்ததும் சித்தப்பா புதுக்குச்சி ஒன்றை என் காலடியில் நட்டார்.

"மைக்கு நட்டாச்சு. பேச்சாளர் வெளிய வரலாம்."

மறுநாள் சூலக்கரையில் முதற்பரிசு எனக்கே. கோப்பையோடு நேரே அணைக்குப் போனேன். குச்சியில் நீர் ஒரு விரற்கடைகூட ஏறியிருக்கவில்லை. அதற்கு இரண்டு நாள் கழித்து, அந்தக் காய்கள் சாத்தூர்ச் சந்தைக்குப் போயின.