சிதம்பரம் போன மூன்று டப்பா கொசு

2024 நவம்பர் 13, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். மாடியில் அல்லித் தொட்டிகளைப் பார்த்தேன். பிறகு வழக்கத்துக்கு மாறாக, மூன்று டப்பாக்களில் கொசுக்களை எடுத்துக்கொண்டு கடலூர் பேருந்து நிலையம் போனேன்.

வீட்டில் டெங்கு கொசு உண்டாவது என் அல்லித் தொட்டிகளில்தான் என்பது மனைவி தேவகியின் கட்சி. சாக்கடைக் கொசு பறந்து வருகிறது என்பது என் கட்சி. வியாழக்கிழமை காலை தொட்டிகளைக் கவிழ்ப்பதென்று நாளே குறித்துவிட்டாள். அவள் தம்பி சேகர் அண்ணாமலை நகரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மரபணுவை வைத்துக் கொசு இனம் பிரிப்பவன். அவன் சொன்னால் ஒத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள்.

ஏழு பத்துக்குப் பேருந்து. டிக்கெட் நாற்பது ரூபாய். நடத்துநர் பையைப் பார்த்தார்.

"என்னா சார், பலகாரமா?"

"கொசு."

"சிதம்பரத்துக்கே கொசு ஏத்திட்டுப் போற மொத ஆளு நீங்கதான் சார்."

குடிகாடு ரசாயன ஆலைகள் வரும்போது எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் டப்பாக்களையும் சேர்த்துப் பொத்தினேன்.

சிதம்பரம் கீழ வீதியில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டுவிட்டு ஆய்வுக்கூடம் சேர்ந்தேன். படுக்கையறை, சமையலறை, மாடி என்று டப்பாக்களில் தெளிவாக எழுதியிருந்தேன். சேகர் திறந்து பார்த்தான்.

"எதால புடிச்சீங்க மாமா?"

"கொசு பேட்டால."

"வறுத்துல்ல கொண்டாந்திருக்கீங்க! செதில், வரி ஒண்ணுமில்ல. கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. கருகாத கால் கெடைக்குதான்னு பார்க்கிறேன்."

டப்பாவுக்கு ஒரு கால் கிடைத்தது. மரபணுவில் ஒரு பகுதி இனத்துக்கு இனம் வெவ்வேறு நீளமாம். அதை நகலெடுத்துப் பெருக்கி, ஜெல் தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால், கோடு நிற்கும் இடத்தை வைத்து இனத்தைச் சொல்லலாமாம்.

"அதுங்க குடிச்ச என் ரத்தம் குழப்பாதா மச்சான்?"

"நீங்க கொசு இல்லன்னு அதுக்குத் தெரியும் மாமா. போயி சாப்புட்டு வாங்க."

மாலை நான்கு மணிக்குக் கோடுகள் தெரிந்தன. படுக்கையறை, மாடி: சாக்கடைக் கொசு. எழுந்து நின்றேன். சமையலறை: டெங்கு கொசு. உட்கார்ந்தேன்.

தேவகிக்குப் போன் செய்தேன்.

"பார்த்தீங்களா, தொட்டியிலேர்ந்து எறங்கி வந்திருக்கு."

"மாடியிலதான் அது இல்லியே."

"அதான் எறங்கி வந்துருச்சே!"

போனைச் சேகரிடம் நீட்டினேன். இரண்டடி பின்வாங்கினான்.

"அக்காகிட்ட நான் பேசல மாமா. கோடு அது யாருன்னுதான் சொல்லும், எங்க பொறந்துச்சுன்னு சொல்லாது." வாசல்வரை வந்தவன் குரலைத் தாழ்த்தினான். "ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி அடியில தண்ணி வடியிற தட்டு ஒண்ணு இருக்கும், பார்த்திருக்கீங்களா?"

சனிக்கிழமைதோறும் ஃபிரிட்ஜைத் துடைப்பவன் நான். முன்பக்கம் மட்டும்.

திரும்பும்போது ஆலப்பாக்கம் தாண்டிக் கழுத்தில் ஒன்று கடித்தது. காலையில் போகும்போது கடித்திருந்தால் கொசு என்று அடித்திருப்பேன். இப்போது, யார் என்று கேட்கத் தோன்றியது. அதற்குள் பறந்துவிட்டது.

மறுநாள் காலை பால் காய்ச்சவில்லை. முதல் வேலையாக ஃபிரிட்ஜை நகர்த்தினேன். மாடிப்படியில் கால் வைத்திருந்த தேவகி சத்தம் கேட்டு வந்தாள். டார்ச் அடித்துக் காட்டினேன். தட்டுத் தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன.

"என் சமையக்கட்டுலயேவா?" என்றாள். தட்டை அவளே எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், அல்லித் தொட்டிகளைத் தாண்டி, வெறுந்தரையில் கவிழ்த்தாள்.