அக்காவிடம் மிஞ்சிய ஒரு சொல்

போன வாரம் கண் காட்ட அரியூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பக்கத்து பெஞ்சில் வாய் கோணிப்போன ஒரு பெரியவர். எதிரே பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண் படம் போட்ட அட்டைகளைப் பரப்பி, "மாடு எது தாத்தா?" என்று கேட்டாள். சரியாகத் தொட்டார். பேச்சு மட்டும் வரவில்லை. அவர் மனைவியிடம் அந்தப் பெண், "பேச்சுதாம்மா போயிருக்கு, யோசனை எல்லாம் அப்படியே இருக்கு" என்றாள். நல்லவேளை, எனக்குக் கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள். அழுதது யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை எனக்கு எப்போதும் மை வாசனையை இழுத்துக்கொண்டு வரும். ஏன் என்று கேட்காதீர்கள். பிரெஞ்சுக்காரன் காலத்தில் பாகூர் மேரியில், அதாவது ஊராட்சி மாதிரியான கொம்யூன் அலுவலகத்தில், நான் எழுத்தன். பிறப்பு, சாவு, கல்யாணம் எல்லாவற்றையும் பதிவில் ஏற்றுவோம். வந்தவர் வாயால் சொன்னால்தான் எழுதுவோம், தலையாட்டினால் செல்லாது. நாலு பிரெஞ்சு வாக்கியம் எழுதத் தெரிந்துவிட்டதால், சொல்தான் புத்தி என்று எனக்கும் ஒரு கொழுப்பு ஏறியிருந்தது.

தனம் அக்கா பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆண் குழந்தை. ஒன்பதாம் நாள் தலைவலி என்று படுத்தவள், எழுந்தபோது வலது கை விழுந்திருந்தது, பேச்சும் இல்லை. ஒரே ஒரு சொல் மிஞ்சியது: "பூடுச்சி", போய்விட்டது என்று. தண்ணீர் கேட்டாலும் பூடுச்சி, குழந்தையைக் கொஞ்சினாலும் பூடுச்சி. சொல்லிவிட்டு, நினைத்தது அதுவல்ல என்று இடது கையால் தலையில் அடித்துக்கொள்வாள்.

அம்மா கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டாள். நான் வேறெதுவும் தோன்றாமல் பல்லாங்குழியை எடுத்து வந்தேன். சின்ன வயதில் அவளிடம் தோற்றுத் தோற்றுப் பலகையைக் கவிழ்த்துவிட்டு ஓடுகிறவன் நான். அன்றும் மூன்று ஆட்டமும் தோற்றேன். எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும் என்று பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்தது. ஒன்று, இரண்டு என்றுகூடச் சொல்ல வராதவள் எதைக் கொண்டு யோசித்தாள்?

கிருமாம்பாக்கத்திலிருந்து அவள் மாமியார் வந்தாள். "பித்து புடிச்சவகிட்ட புள்ளைய வுட முடியாது. எங்க வூட்டுக்குத் தூக்கிக்கினு போறோம்."

"அக்காவுக்குப் புத்தி நல்லாத்தான் இருக்குது அத்தே."

"இருந்தா, பேரு வைக்கறன்னிக்கி புள்ள காதுல பேர சொல்லட்டும். சொன்னா இங்கயே வுட்டுட்டுப் போறன்."

எங்கள் வழக்கத்தில் பெற்றவள் குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். பல்லாங்குழியைக் காட்டி வாதாடியிருக்க வேண்டியவன், "சொல்லுவா" என்று ஒப்புக்கொண்டேன். மேரி எழுத்தன் அல்லவா, வாயால் சொன்னால்தானே செல்லும்!

பதினைந்து நாள் 'வேலு, வேலு' என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டொரு தடவை 'வே' வரைக்கும் வந்தது. அதை நம்பினேன், பாவி.

அன்று கூடம் நிறைய உறவு. அக்கா குழந்தையை அணைத்துக் காதருகே குனிந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. உதடு துடித்தது.

"பூடுச்சி."

"ஐயோ, பெத்த புள்ளைய இன்னா சொல்றா பாரு!" மாமியார் அலறிக்கொண்டு குழந்தையைப் பிடுங்கினாள். அக்காவின் புருஷன் குனிந்த தலை நிமிராமல் வண்டி பூட்டப் போனார். அக்கா அவர்கள் பின்னால் ஓடவில்லை, என்னிடம் வந்தாள். இடது கையால் என் தாடையைப் பிடித்து உலுக்கினாள். நீ பேசு என்கிறாள். அதைவிடத் தெளிவாக என் ஆயுளில் யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. எனக்குத் தமிழும் இருந்தது, பிரெஞ்சும் இருந்தது. பல்லாங்குழியில் ஜெயித்தாள் என்று சொன்னால் சபையே சிரிக்குமே என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். வண்டி போய்விட்டது.

அக்கா அதற்குப் பிறகு நான்கு வருஷம் இருந்தாள். குழந்தையை அவர்கள் ஒருநாள்கூடக் காட்டவில்லை. என்னோடு அவள் மறுபடி ஆட உட்காரவும் இல்லை.

பிரெஞ்சுக்காரன் போனான். என் பிரெஞ்சும் பாதிக்கு மேல் மறந்துவிட்டது. அக்காவின் மாமியாரும் புருஷனும் போய்ச் சேர்ந்தார்கள். வேலுவும் போன தை மாதம் போய்விட்டான். பெற்றவள் தன்னைச் சபித்தாள் என்றே கடைசிவரை நம்பியிருந்தான். அவன் கடை இங்கிருந்து ஒரு நடை தூரம்தான். அப்படி இல்லையடா என்று நான் ஒருமுறைகூடப் போய்ச் சொல்லவில்லை.