ஆடிய பட்டியலும் லெஸ்டரின் கதிரையும்

ஹெதருக்கு வாய் கொஞ்சம் நீளம். வேலையில் கெட்டிக்காரிதான், அதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் தான் செய்ததைக் குறை சொல்லிவிட்டால் போதும், அவள் போடுகிற சத்தத்தில் வாவி மீனெல்லாம் கல்லடிப் பாலத்துக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். கொழும்பில் உள்ள ஒரு சின்னக் கம்பனிக்கு, மட்டக்களப்பு வீட்டு மாடி அறையில் இருந்தபடியே டப்லெட் திரைகளை வடிவமைத்துக் கொடுப்பது அவள் தொழில்.

கடைசியாக அவள் செய்தது வைஃபை பட்டியல். டப்லெட்டில் வைஃபையைத் திறந்தால் பக்கத்தில் என்னென்ன இணைப்புகள் கிடைக்கின்றன என்று வரிசையாய்க் காட்டுமே, அதுதான். ஹெதரின் பட்டியல் ஒரு நொடிகூடச் சும்மா இராது. சிக்னல் கூடினால் அந்த வரி மேலே ஏறும், குறைந்தால் கீழே இறங்கும், சிக்னல் அறுந்தால் வரியே மறைந்துபோகும். அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனாள் அவள்.

கொழும்பில் அதைப் பரிசோதித்த ரதீஸ் மட்டும் பூரிக்கவில்லை. "அக்கா, தொடப் போற நேரத்தில வரி ஓடுது. நான் ஒண்டைத் தொட்டா இன்னொண்டு பிடிபடுது," என்றான்.

"தம்பி, பட்டியல் உள்ளதை உள்ளபடி காட்டுது. உன்ட விரல்தான் ஆமை," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். சரி, அவளுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கத்தான் போகிறது.

அவளுடைய தம்பி கொலினுக்கும் கரடியனாற்றுப் பெண் அஜந்தாவுக்கும் கலியாணம் வந்தது. போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் வீட்டுக் கலியாணம் என்றால் கேக், வைன், வயலின், மாலையில் கால் ஓயும்வரை ஆட்டம். எல்லாம் இருந்தது, மூத்தவன் லெஸ்டர் மட்டும் இல்லை. மெல்பேர்னில் பஸ் ஓட்டுகிறவனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆனாலும் கிளாஸை உயர்த்தி மாப்பிள்ளையை வாழ்த்தி டோஸ்ட் சொல்ல அவன்தான் வருவான், வீடியோவில். இரவு வேலைக்கு இடையில் சாப்பாட்டுக்குக் கிடைக்கும் அரை மணித்தியாலத்தில் பேசுவதாகச் சொல்லியிருந்தான்.

அவர்களுடைய தாய் ஜக்குலினுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. மீன்காரன் தொடக்கம் பாதர் வரைக்கும், "என்ட மூத்தவன் டோஸ்ட் சொல்லுவான்," என்று அறிவித்துவிட்டாள். "சின்னப் போனில எனக்கு அவன்ட முகம் விளங்காது மகள். பெரிசா ஒண்டு கொண்டு வா," என்றாள். ஹெதர் தன் மடிக்கணினிப் பையோடு கம்பனியின் பெரிய டப்லெட்டையே கொண்டுவந்தாள். அதில் இருந்தது அவளுடைய பட்டியல்தான்.

இனித்தான் புத்திசாலி செய்த வேலையைக் கேளுங்கள். மண்டபத்துக்கு வந்ததும் இரண்டு பக்கச் சொந்தக்காரர் எல்லாரையும் பிடித்து, போனில் ஹொட்ஸ்பொட்டைப் போடச் சொன்னாள். பாஸ்வேர்ட்டும் வேண்டாம் என்றாள். நீண்ட பட்டியல் ஒன்றைப் படம் பிடித்து ரதீஸின் வாயை அடைக்க வேண்டுமாம். படத்தை அனுப்பினாள், பெருமைப்பட்டாள், அத்தோடு மறந்தும்போனாள். ஒருவரும் ஹொட்ஸ்பொட்டை நிறுத்தவில்லை.

லெஸ்டரின் இடைவேளை தொடங்கும் நேரம் வந்தபோது ஆட்டம் உச்சத்தில் இருந்தது. அந்தத் தடித்த சுவர் மண்டபத்துக்குள் ஒழுங்காகக் கவரேஜ் கிடைத்தது பெண்ணின் தம்பி உதயரூபனின் போனுக்கு மட்டும். போன் அவன் பொக்கெட்டில். அவனோ மாப்பிள்ளை வீட்டு றீட்டா அன்ரியின் பிடியில். வாழ்நாளில் ஆடியறியாத பையனை அன்ரி நடுவில் இழுத்துவிட்டு, ஜோடி மாற்றி ஜோடி மாற்றிச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

"உதயன், போனை ஒருக்காத் தாங்க!" என்று ஹெதர் கூட்டத்துக்குள் பாய்ந்தாள்.

"ஆட்டத்துக்கு நடுவில ஆளைப் பறிக்கிறதா? வெக்கமில்லையாகா உனக்கு?" என்று றீட்டா அன்ரி அவனைச் சுழற்றி மறுபக்கம் கொண்டுபோனாள். வயலின்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். அவர் இப்போதைக்கு நிறுத்துவதாய் இல்லை.

பரவாயில்லை, டப்லெட்டில் பிடிக்கலாம் என்று ஹெதர் பட்டியலைத் திறந்தாள். ஐயோ! அந்தப் பட்டியலும் ஆடியது! உதயன் இந்தப் பக்கம் வந்தால் அவன் வரி உச்சிக்குப் பாய்ந்தது, அந்தப் பக்கம் போனால் விழுந்தது. தொட்டாள், பிடிபட்டது 'றீட்டா அன்ரி'. மறுபடி தொட்டாள், 'மாப்பிள்ளை கொலின்'. பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டாள், யாரோ ஒரு குறும்பன் வைத்திருந்த 'சும்மா கிட' என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. ஒன்றிலும் வீடியோ வரவில்லை. தன் விரலும் ஆமைதான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"மகள், லெஸ்டர் காத்துக்கொண்டிருப்பான். இடைவேளை முடிஞ்சா அவன் மறுகா பஸ்ஸில ஏறிருவான்," என்று ஜக்குலின் தோளைத் தட்டினாள். தாயின் முகத்தைப் பார்க்கவே ஹெதருக்குத் தைரியம் வரவில்லை.

அந்த நேரத்தில் பிந்தி வந்த விருந்தாளி ஒருவர் மேசையில் சாய்ந்திருந்த கதிரை ஒன்றை இழுத்தார். ஜக்குலின் மகளை விட்டுவிட்டு அவரிடம் பாய்ந்தாள்.

"அது றீட்டாட கதிரை! ஆடப் போயிருக்கா. எழும்பினவட கதிரையை எடுக்கக் கூடாது. மேசைக் கடைசியில ஒண்டைப் போட்டு இருங்க."

அவர்கள் வீட்டுப் பழக்கம் அது. ஆட எழும்புகிறவர் கதிரையை முன்னுக்குச் சாய்த்து மேசையில் முட்ட வைத்துவிட்டுப் போவார். ஆள் இல்லை, ஆனால் இடம் அவருடையது. இருக்கிறவர்களை யாரும் அசைக்க மாட்டார்கள், புதிதாய் வருகிறவர் கடைசியில் இருப்பார். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய சங்கதிதான். இன்றைக்குத்தான் ஹெதரின் தலைக்குள் பல்ப் எரிந்தது.

"மம்மி, நீங்க ராசாத்தி!" என்று தாயின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஓடினாள். கேக் மேசைக்குப் பின்னால் நிலத்தில் சப்பணம் போட்டு இருந்து மடிக்கணினியைத் திறந்தாள். கலியாணச் சட்டை கசங்கினால் கசங்கட்டும். அவள் எழுதிய புது விதி இதுதான்: பட்டியல் திறந்திருக்கும்வரை இருக்கிற வரி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். சிக்னல் கோடு மட்டும் ஏறி இறங்கட்டும். புதிது வந்தால் கடைசியில். சிக்னல் அறுந்தால் வரியை மறைக்காதே, மங்கலாக்கி வை, கதிரையைச் சாய்க்கிற மாதிரி. வரிசை மாற வேண்டுமென்றால் மூடித் திறக்கும்போது மாறட்டும். வயலினின் வேகத்துக்கே அவள் விரல்களும் விசைப்பலகையில் ஆடின. முதல் தடவை எங்கோ பிழை வந்தது. தன்னையே நல்லாய்த் திட்டிக்கொண்டு திருத்தினாள். வயரைச் செருகி டப்லெட்டில் ஏற்றினாள்.

திறந்தாள். மண்டபம் முழுக்கச் சுழன்றது, பட்டியல் அசையவில்லை! உதயன் ஆடி ஆடி வாசலுக்கு வெளியே போனான், அவன் வரி மங்கியது. திரும்பி உள்ளே வந்தான், அதே இடத்தில் பளிச்சென்றது. ஹெதர் நிலத்தில் இருந்தபடியே கூச்சல் போட்டாள். கேக் பார்க்க வந்த பிள்ளைகள் பயந்து ஓடினார்கள்.

டப்லெட்டைத் தாயிடம் நீட்டினாள். "மம்மி, நீங்களே தொடுங்க. உதயன்ட பேரில."

"நான் தொட்டாப் பிழையாப் போகும்கா."

"பிழையாப் போகாது. ஆறுதலாத் தொடுங்க."

ஜக்குலின் கண்ணாடியைத் துடைத்தாள். பேரை எழுத்துக் கூட்டி வாசித்தாள். விரலைக் கொண்டுபோனாள், சந்தேகம் வந்து எடுத்தாள், மறுபடி கொண்டுபோனாள். அவ்வளவு நேரமும் அந்த வரி பொறுமையாய் நின்ற இடத்திலேயே நின்றது. தொட்டாள், பிடிபட்டது. ஹெதர் அண்ணனை அழைத்தாள், இரண்டு தடவை மணி அடிக்கவும் திரை நிறைய லெஸ்டரின் முகம், பஸ் சாரதித் தொப்பியோடு.

"மம்மி! எவ்வளவு நேரம்? நான் இல்லாமலே டோஸ்ட் சொல்லிட்டீங்களோ எண்டு நினைச்சன்."

வயலின் தானாக நின்றது. ஜக்குலின் டப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு குடும்ப மேசைக்குப் போனாள். அங்கே அவள் பக்கத்தில் ஒரு கதிரை காலையிலிருந்தே மேசையில் சாய்ந்து கிடந்தது. ஆடப் போன யாரோ வைத்தது என்றுதான் ஹெதர் நினைத்திருந்தாள். அது அப்படியல்ல என்று இப்போதுதான் விளங்கியது. லெஸ்டர் விமானம் ஏறிய நாளிலிருந்து நடந்த ஒவ்வொரு விருந்திலும் தாய்க்குப் பக்கத்தில் ஒரு கதிரை இப்படிச் சாய்ந்து கிடந்தது அவள் நினைவுக்கு வந்தது. ஹெதருக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீ சொன்னதுதான் சரி தம்பி, வரியை ஓட விடக் கூடாது," என்று ரதீஸுக்குச் செய்தி அனுப்பினாள்.

ஜக்குலின் அந்தக் கதிரையை நிமிர்த்தினாள். டப்லெட்டை அதில் சாய்த்து வைத்து, விழாமல் கண்ணாடி துடைத்த கைலேஞ்சியால் முட்டுக் கொடுத்தாள். ஒரு வைன் கிளாஸை அதற்கு முன்னால் தள்ளி வைத்தாள்.

"இரு மனே," என்றாள். "எல்லாரும் உனக்காகத்தான் நிக்கிறம்."