கிரகண நிலாவைப் பார்க்கத் திருநெல்வேலி போன கதை

அம்மாவின் போனில் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். அப்பா புரண்டு படுத்தால்கூட போனைக் கவிழ்த்துவிடுகிறேன். அதனால் பெயர் வேண்டாம். சங்கரன்கோவிலில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன், அது போதும். பல்கலைக்கழகத்தில் நடக்கும் வானம் பார்க்கும் நிகழ்ச்சிக்குப் போக ஆசைப்பட்டு, யாரிடம் விவரம் கேட்பது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் தேடியபோது இப்படி ஒன்றும் கிடைக்கவில்லை.

திருநெல்வேலி பக்கத்தில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் அவ்வப்போது பொதுமக்களுக்குத் தொலைநோக்கி காட்டுகிறார்கள். கட்டணம் கிடையாது. இந்த முறை பள்ளிப் பிள்ளைகளுக்கு நான்கு சனிக்கிழமை வகுப்பும் உண்டு என்றார்கள். ஆனால் நிகழ்ச்சி அன்று மாலை நேரில் வந்து பெயர் கொடுப்பவர்களுக்கு மட்டும்தான் இடம். எனக்கு அந்த வகுப்பு வேண்டும். சிக்கல் என்னவென்றால், அன்றைக்குச் சந்திரகிரகணம். எங்கள் வீட்டிலோ அக்கா பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், எட்டு மாதம்.

காலையிலேயே அம்மா தண்ணீர்க் குடத்திலும் ஊறுகாய் ஜாடியிலும் தர்ப்பையைப் போட்டு, அக்கா அறையின் ஜன்னலைச் சாத்திவிட்டாள். கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். பிளஸ் டூ பரீட்சை நடப்பதால் எங்களுக்கு மதியமே பள்ளி விட்டார்கள். பின்தெருவில் இருக்கும் என் தோழி செல்வியின் போனில் இருந்து அம்மாவைக் கூப்பிட்டு, அவள் வீட்டில் படிப்பதாகச் சொன்னேன். “கிரகணம் விடுத வரைக்கும் அங்கனயே உள்ள இரு. வெளிய தல காட்டாத” என்றாள் அம்மா. அடுத்த கால் மணி நேரத்தில் நான் பஸ் ஸ்டாண்டில் நின்றேன்.

2.45 வண்டி. பனவடலிசத்திரம், தேவர்குளம், மானூர் வழியாகத் திருநெல்வேலி ஐம்பத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வழக்கமாக நிற்கக்கூட இடம் இருக்காது. அன்று கிரகணம் என்பதால் ஜன்னலோரம் வேண்டும் மட்டும் காலி. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, “எங்கன போறே பாப்பா, ஒத்தையில?” என்றார்.

“யுனிவர்சிட்டிக்கு. நிலா பாக்க.”

“ஏன், நம்மூர்ல நிலா வரமாட்டேன்னுட்டா?”

பின்சீட்டில் இருந்தவர் சிரித்தார். இருவரில் யாராவது அப்பாவின் கடைக்கு வருகிறவராக இருந்தால்? மானூர் தாண்டும் வரை புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்தபடியே இருந்தேன்.

ஜங்ஷனில் இறங்கும்போது 4.20. அங்கிருந்து டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பல்கலைக்கழக வாசலில் இருந்து துறைக்கு நல்ல நடை, தண்ணீர் கொண்டுபோங்கள். போனதும் பெயரைக் கொடுத்துவிட்டேன். எழுதிக்கொண்டவர், முதல் வகுப்புக்கு வராவிட்டால் இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும் என்றார்.

மைதானத்தில் மூன்று தொலைநோக்கிகள். கிரகணத்தில் சாப்பிடலாம் என்று காட்டுவதற்காகவே எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தார்கள். என்னால் வாயில் வைக்க முடியவில்லை. தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டிருந்த ஆராய்ச்சி மாணவி ரெஜினா அக்கா கவனித்துவிட்டு, “காரமா?” என்றார்.

“இல்லக்கா. எங்க அக்கா மாசமா இருக்கா. நான் இங்கன தின்னா அவளுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?”

“அவ எங்க இருக்கா?”

“சங்கரன்கோவில்ல.”

“அங்க வரைக்கும் போகணும்னா சுண்டலுக்கே ஒன்றரை மணி நேரம் ஆகுமே.”

சாப்பிட்டேன். உப்பு குறைவு.

நிலா கிரகணத்தோடேயே உதிக்கும், 6.47க்கு எல்லாம் முடிந்துவிடும் என்றார்கள். ஆறரை ஆகியும் பனைகளுக்கு மேலே புழுதி மட்டும்தான். இதற்காகவா பொய் சொல்லிவிட்டு வந்தோம் என்று அழுகை முட்டியது. 6.38க்கு ஒரு சின்னப் பெண் கை நீட்டினாள். ஓரம் கருகிய அப்பளம் போல, மங்கலாக, எங்கள் எல்லோருக்கும் முன்னால் நிலா. தொலைநோக்கியில் பார்க்க ஆளுக்குச் சில நொடிதான் கிடைத்தது. நிலாவின் மேல் வளைந்து கிடந்த அந்தக் கறுப்பு நம் பூமியின் நிழல் என்று ரெஜினா அக்கா சொன்னபோது, அந்த நிழலுக்குள் நானும் இருக்கிறேன் என்று தோன்றியது. பயம் போய்விட்டது. பிறகு வியாழனையும் அதன் பக்கத்தில் வரிசையாக நின்ற நிலாக்களையும் பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

வீட்டுக்கு வரும்போது 9.15. அப்பா கடையில் இருந்து வரவில்லை. தரை கழுவி ஈரமாக இருந்தது. அம்மாவும் அக்காவும் தலையில் துண்டு கட்டியிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“செல்வி வீட்டுல கிரகணம் விட்டதும் தலைக்கு ஊத்தாமலா இருந்தாவ?” அம்மா என் தலையைத் தொட்டாள். விரலில் பஸ் புழுதி. “எங்கட்டி போன?”

பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், சுண்டலையும். அம்மா முதலில் அக்காவின் வயிற்றைப் பார்த்தாள்.

“என்னைய ஏன் பாக்க? பிள்ள நல்லா உதைக்கத்தான் செய்யுது” என்றாள் அக்கா.

“ஒங்க அப்பாக்குத் தெரிஞ்சா பள்ளிக்கூடமே கெடையாது, தெரியும்லா?” என்று சொல்லிக்கொண்டே அம்மா என்னைக் குளியலறைக்குள் தள்ளி, தலையில் தண்ணீரை ஊற்றினாள். வேகமாகத்தான் ஊற்றினாள். சனிக்கிழமை வகுப்பைப் பற்றிக் கேட்டேன். அம்மா தலையை அழுத்தித் தேய்த்தாள்.

கதவுக்கு வெளியே அக்காதான் பேசினாள். “யம்மா, எனக்கு இனி சனிக்கிழமை தோறும் திருநெல்வேலியிலதான செக்கப்பு? தொணைக்கு இவளும் வரட்டும். நாம ஆஸ்பத்திரியில காத்துக் கெடக்க நேரத்துல அவ கிளாஸ் முடிஞ்சிரும்.”

அம்மா இன்னொரு செம்பு ஊற்றிவிட்டு, “சாப்பாடு கட்டித்தான் கொண்டு போணும், ஓட்டல்ல துட்டு அழ முடியாது” என்றாள்.

போக நினைப்பவர்கள் ஐந்து மணிக்கு முன்பே போய்விடுங்கள். திரும்பும் பஸ் நேரத்தை ஜங்ஷனில் இறங்கியதுமே கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் துணையோடு போங்கள். திரும்பும் வழியில் இருட்டில் நான் பயந்த மாதிரி நீங்கள் பயப்பட வேண்டாம்.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. அம்மா சொல்லவும் இல்லை, சொல்ல மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. அக்கா பக்கத்தில் தூங்குகிறாள். பிள்ளை முந்திக்கொண்டால் செக்கப்பும் இல்லை, வகுப்பும் இல்லை. அதனால் சற்று முன் அவள் வயிற்றில் மெதுவாகக் கை வைத்து, நாலு சனிக்கிழமை மட்டும் பொறுத்துக்கொள் என்று கேட்டுக்கொண்டேன். உள்ளே இருந்து ஒரு உதை வந்தது. சரி என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.