கம்பியில் பட்ட டிப்பர்

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு நிலக்கரி டிப்பர் லாரி ஓட்டுகிறேன். போன மழைக்காலத்தில் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு செங்கல் சூளைக்கு லோடு கொண்டுபோனேன். கரி தள்ளிவிட மச்சான் ஏழுமலை கூட வந்தான். அவன் தங்கச்சியைத்தான் கட்டியிருக்கிறேன்.

நனைந்த கரி தொட்டியில் ஒட்டிக்கொண்டது. தொட்டியைத் தூக்கியபடியே லாரியை முன்னால் நகர்த்திப் பிரேக் போட்டால் கரி விழுந்துவிடும். எல்லோரும் செய்வதுதான். நானும் செய்தேன். மேலே பார்க்கவில்லை. தொட்டி கரண்ட் கம்பியில் பட்டது. பின் டயரில் புகை வந்தது.

சற்றுத் தள்ளி நின்ற மச்சானை எச்சரிக்க ஹாரன் அடித்தேன். கூப்பிடுகிறேன் என்று நினைத்து, இரும்பு மண்வெட்டியோடு கதவை நோக்கி ஓடி வந்தான். இன்ஜினை நிறுத்திவிட்டுக் கத்தினேன்.

"மச்சான், அங்கயே நில்லு. லாரியத் தொட்டா செத்துடுவ."

"அப்ப நீ?"

"நான் உள்ளயே இருந்தா ஒண்ணும் ஆவாது. தரையிலயும் கரண்ட் பாயும். நீ ரெண்டு காலையும் ஒட்டி வச்சு, தரையத் தேச்சிக்கினே பின்னால போ."

கம்பெனிப் பயிற்சியில் பாதி நேரம் தூங்கினவன் நான். இது மட்டும் காதில் விழுந்திருந்தது. அவன் மெதுவாக நகர்ந்து தூரம் போய், கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டான். லைன்மேன் வந்து கரண்டை நிறுத்தின பிறகுதான் இறங்கினேன்.

"உன்னக் காப்பாத்த வந்தா, என்னியே டான்ஸ் ஆட வச்சிட்டியே" என்றான்.

இப்போது தொட்டியைத் தூக்குமுன் இறங்கி மேலே பார்க்கிறேன். தூக்கின தொட்டியோடு லாரியை நகர்த்துவதில்லை. நேரம் ஜாஸ்தி ஆகிறது, ஆகட்டும். கூட வருகிறவர் யாராக இருந்தாலும் வண்டி எடுக்குமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹாரன் கேட்டால் என்னிடம் ஓடி வராதே, தூரமாகப் போய் நில்.