கஞ்சி போட்ட திரை

என் பீரோவின் மேல் தட்டில் ஒரு பித்தளைக் குங்குமச் சிமிழ் இருக்கிறது. உள்ளே குங்குமம் இல்லை. ரவையைவிடப் பொடியாக, வெள்ளையாக ஏதோ கிடக்கும். ஒரு சிட்டிகை எடுத்து ஜன்னலோரம் காட்டினால் மினுக்கும். வீடு துடைக்க வரும் பெண் ஒருமுறை உப்பு என்று நினைத்துக் கொட்டப் போனாள். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார். அது உப்பில்லை, கண்ணாடி மணி. ஒரு சினிமாத் திரையில் ஒட்டியிருந்ததை என் கையாலேயே உதிர்த்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. முட்டாள்தனத்தால் செய்தேன்.

போன மாதம் என் மகன் வீட்டில் படம் பார்க்க ஒரு புரொஜெக்டர் வாங்கினான். சுவருக்கு நல்ல வெள்ளைப் பெயின்ட் அடித்தால் போதும் என்கிறான் அவன். கடையில் விற்கும் திரைதான் வேண்டும் என்கிறாள் மருமகள். இரண்டு வாரமாக இதே சண்டை. என்னிடம் நியாயம் கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதற்கெடுத்தாலும் கத்துகிற அம்மா இதற்குப் போய்ச் சிரிக்கிறாளே என்று இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதே சண்டையை எழுபதுகளின் தொடக்கத்தில், காஞ்சிபுரத்தில், தறி ஓடுகிற வீட்டில் நான் போட்டிருக்கிறேன். என் நாத்தனாரோடு.

நாத்தனார் என் கணவரின் அக்கா. சின்ன வயதில் காய்ச்சல் வந்து இடது கால் சூம்பிப்போனவர். ஒரு கழியை ஊன்றிக்கொண்டு வீடு முழுக்க நடப்பார். அந்தக் கழியால் தரையைத் தட்டினால் தறியில் இருப்பவர்கள் எல்லாம் நிமிர்ந்து உட்காருவார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி யாராவது பரிதாபப்பட்டால் அவர்களுக்குத்தான் பரிதாபம். காலையிலிருந்து ராட்டையில் ஊடு நூலைத் தார் சுற்றுவார். கையும் வாயும் சேர்ந்தே ஓடும். நான் ஐயம்பேட்டையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏய் ஐயம்பேட்டை, குழம்புல உப்பு போட்டியா, இல்ல உங்க ஊர்லயே வெச்சிட்டு வந்துட்டியா?" இப்படித்தான். நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. "உப்பு இருக்குது அண்ணி, உங்க நாக்குல அதுக்கு இடம் இல்ல" என்பேன். எங்கள் இருவருக்கும் நடுவில் என் கணவர் தறியின் நாடா மாதிரி போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பார்.

இப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. பதினைந்து வயதில் ஒருமுறை கொட்டகைக்குப் போயிருக்கிறார். பெண்கள் டிக்கெட் கொடுக்கிற இடத்தில் கூட்டம் தள்ளி, கீழே விழுந்து, மேலே நாலு பேர் மிதித்து, படம் தொடங்கும் முன்பே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். "இனிமே நான் சினிமாவுக்குப் போக மாட்டேன், வேணும்னா அது என் வீட்டுக்கு வரட்டும்" என்று சொன்னவர்தான். அதற்குப் பதிலாக, படம் பார்த்துவிட்டு வந்தவர்களைப் பிடித்து உட்காரவைத்துக் கதை கேட்பார். அப்படியே நூறு படம் கேட்டிருப்பார். பார்த்தவர்கள் மறந்த இடத்தை அவர் எடுத்துக் கொடுப்பார்.

ஒரு படத்தில்தான் எனக்கு வில்லங்கம் வந்தது. கட்டிய மனைவியை விட்டுவிட்டு ஊர் சுற்றிய ஒருவன் பத்து வருடம் கழித்துத் திரும்பி வருகிற கதை. அந்தப் படத்தைப் பார்க்கப் போன அன்று எனக்கு வீட்டில் வேலை அதிகம். இடைவேளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கிவிட்டேன். தூங்கினேன் என்று நாத்தனாரிடம் சொல்ல முடியுமா? முடிவை நானே கட்டினேன். "அவ அவனைப் பளார்னு ஒரு அறை விட்டு, கதவைச் சாத்திட்டா அண்ணி" என்றேன். அவருக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பெண் வந்து, கடைசியில் அவள் அழுதுகொண்டே அவன் காலில் விழுவதாகச் சொல்லிவிட்டாள். நாத்தனார் கழியைத் தட்டினார். "ரெண்டு பேர்ல ஒருத்தி பொய் சொல்றா. என் கண்ணால பார்க்காம விடமாட்டேன்." இரண்டு வருடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

என் கணவர் அக்கா சொன்னால் தட்டாதவர். மெட்ராசில் கல்வி நிலையம் ஒன்றை மூடும்போது பழைய சாமான்களை விற்றார்கள். அதில் ஒரு புரொஜெக்டர் கிடைத்தது. இரும்புப் பெட்டி, தையல் மிஷின் கனம். அதோடு ஒரு ஒலிபெருக்கி. அங்கேயே ஒரு கடையில் படச்சுருளை வாடகைக்குப் பேசிவிட்டு வந்தார். எந்தப் படம் என்று சொல்லவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான். திங்கள் காலை திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். என் பொய்க்கு ஞாயிற்றுக்கிழமை வரைதான் ஆயுசு.

படத்தை எதன்மேல் காட்டுவது? நாத்தனார், தறி அறையின் கடைசிச் சுவரைக் கழியால் காட்டினார். "சுண்ணாம்பு அடிச்சா ஆச்சு. சுவர் இருக்கறப்போ எதுக்குத் துணி?" அந்தச் சுவரில் விளக்குப் புகை, ஆணி ஓட்டை, நட்டநடுவில் ஒரு விளக்கு மாடம் வேறு. "மாடத்துக்குள்ள கதாநாயகன் மூக்கு போய் விழும் அண்ணி" என்றேன். எனக்கு மெட்ராசில் அண்ணன் ஒருவர் உண்டு. கேமரா சாமான் விற்கிற கடையில் வேலை. அவருக்குக் கடுதாசி போட்டேன். உண்மையைச் சொல்கிறேன், படம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று இல்லை. என் பிறந்த வீட்டிலிருந்து ஒரு நல்ல சாமான் இந்த வீட்டுக்குள் வர வேண்டும், நாத்தனார் அதைப் பார்த்து வாயடைத்து நிற்க வேண்டும். அவ்வளவுதான். அண்ணனும் நல்ல திரையாக வாங்கி வைத்தார். முழுக்கக் கண்ணாடி மணி பதித்தது. என் கணவர் போய் எடுத்துவந்தார்.

எப்படி எடுத்துவந்தார்? உருளையில் சுற்றிக் கொடுத்த திரையை பஸ்ஸில் நீட்டமாக வைக்க இடமில்லை என்று பிரித்து, மடித்து, மஞ்சள் துணியில் மூட்டை கட்டிக் கொண்டுவந்தார். பட்டுப்புடவை மடிக்கிற மாதிரி, எட்டு மடிப்பு, கத்தி மாதிரி விளிம்பு. எங்கள் ஜனங்களுக்குத் துணி என்றால் மடிக்கத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை மதியம் ஜன்னலை அடைத்துவிட்டுக் கட்டிப் பார்த்தோம். சோதனைக்கு ஒரு சின்னச் சுருள் வைத்திருந்தார். யாரோ ஒரு மனிதர் பயிருக்கு உரம் போடுவதைப் பற்றிப் பேசுகிறார். அவர் நெற்றியில் ஒரு வெட்டு, கழுத்தில் ஒரு வெட்டு, வயிற்றில் ஒரு வெட்டு.

"ஐயோ பாவம், யாரு இந்த மனுஷனை இப்படி வெட்டிப் போட்டது?" என்றார் நாத்தனார். "ஏய் ஐயம்பேட்டை, உங்க அண்ணன் வாங்கின துணிக்கு நாலு பேரைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைக்கணும் போலக்கீதே."

தறிக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். அன்று இரவு அவருக்குச் சோறு மட்டும் வைத்தேன், குழம்பு ஊற்றவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் நான் செய்ததை வேறு எந்த ஊர்ப் பெண்ணும் செய்திருக்க மாட்டாள். தறியில் ஏற்றுகிற பாவு நூலில் சுருக்கம் விழுந்தால் நாங்கள் என்ன செய்வோம்? தெருவில் நீட்டி, இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயிலில் விறைக்க விடுவோம். நான் பிறந்ததிலிருந்து பார்த்த வைத்தியம் அது. அதில் சரியாகாத சுருக்கமே கிடையாது. தெருவில் இரண்டு கழிகளுக்கு நடுவே திரையைக் கட்டினேன். பக்கத்தில் பாவு நீட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரு கை பிடித்தார்கள். அரிசிக் கஞ்சியை வடிகட்டி எடுத்துவந்து, நார் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்தேன். பிரஷ் மினுக்கியது. கஞ்சிதான் வெயிலில் மினுக்குகிறது என்று நினைத்து இன்னும் அழுத்தி இழுத்தேன். முக்கால்வாசி முடித்த பிறகுதான் காலடியைப் பார்த்தேன். தெரு முழுக்கச் சர்க்கரை கொட்டின மாதிரி மணி. திரையோ சொறி பிடித்த நாய் மாதிரி திட்டுத் திட்டாக நின்றது.

வாசற்படியில் நாத்தனார். எத்தனை நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ. சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கழியை விட்டுவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கஞ்சி போட்டாளே! சினிமாவுக்குக் கஞ்சி போட்டாளே!" தெருவே சேர்ந்துகொண்டது. நான் பிரஷ்ஷை வீசினேன். எல்லோரையும் திட்டினேன். சூரியனைக்கூடத் திட்டியிருப்பேன். கடைசியில் கையில் கஞ்சியோடு தெருவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

நாத்தனார் நொண்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். "போதும் எழுந்திரும்மா. நாளைக்கு மத்தியானம் படம். அழுதுக்கினு இருந்தா சுவர் யாரு அடிக்கிறது? போய்ச் சுண்ணாம்பைக் கரை."

அவர் என்னை 'அம்மா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

அன்று முழுக்க நாங்கள் இருவரும் அந்தச் சுவரோடு கிடந்தோம். அவர் முக்காலியில் உட்கார்ந்து கொட்டாங்கச்சியால் புகையைச் சுரண்டினார். நான் ஓட்டைகளை அடைத்தேன். சுண்ணாம்பில் எவ்வளவு நீலம் போடுவது என்று ஒரு சண்டை. எத்தனை பூச்சு என்று ஒரு சண்டை. அவர் மூன்று என்றார், நான் நாலு என்றேன், நாலு அடித்தோம். மாலையில் பார்த்தால் சுவர் சாம்பல் நிறம். ஈரச் சுண்ணாம்பு அப்படித்தான் இருக்கும், காய்ந்தால்தான் வெளுக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பயம். கரி அடுப்பை முன்னால் வைத்து விசிறினோம்.

ஞாயிறு காலை சுவர் பால் மாதிரி வெளுத்திருந்தது. நடுவில் மாடம் மட்டும் கறுப்பாகத் திறந்த வாய் போல இருந்தது. செங்கல் வைத்து அடைக்கலாம் என்றேன். "விளக்கு ஏத்தற இடத்தை அடைக்கறதா?" என்று கத்தினார். பிறகு உள்ளே போய் என் திரையை எடுத்துவந்தார். கழுவிக் காயவைத்திருக்கிறார், எனக்குத் தெரியாமல். மணி உதிராத மூலை ஒன்று மிச்சம் இருந்தது. அதை மாடத்தின் அளவுக்குக் கத்தரித்து, இழுத்துப் பிடித்து, நாலு பக்கமும் ஆணி அடிக்கச் சொன்னார்.

"உங்க அண்ணன் துணிக்கும் ஒரு வேலை குடுக்கணும் இல்ல?" என்றார்.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் தெரு வந்துவிட்டது. ஓட்டுச் சந்துகளில் வைக்கோல் அடைத்து, ஜன்னலுக்குக் கம்பளி கட்டியிருந்தோம். வாசலில் முக்காலி போட்டு நாத்தனார் உட்கார்ந்தார், கழியைக் குறுக்கே நீட்டிக்கொண்டு. "வரிசையா வாங்க. தள்ளுறவங்களுக்குப் படம் கிடையாது." ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் முந்தப் பார்த்தார். கழி அவர் வயிற்றில் நின்றது. அவரும் வரிசைக்குப் போனார். யாரும் யாரையும் இடிக்காமல் உள்ளே வந்து, தறிக்குழிகளில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்கள். கடைசியாக நாத்தனார் வந்து நட்டநடுவில் நாற்காலியில் அமர்ந்தார்.

விளக்கை அணைத்ததும் சுவரில் மரங்கள் அசைந்தன. அவர் என் கையைப் பிடித்தார். விடவே இல்லை. கதை முழுக்க அவருக்குத் தெரியும், ஒவ்வொரு காட்சியையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆனால் யாரும் சொல்லாததைத்தான் அவர் பார்த்தார். தாய் செத்துக் கதாநாயகி கதறி அழுகிற இடத்தில், "தம்பி, அந்தப் புடவையைப் பாருடா, கரையைத் தனியா கோத்து நெய்யல. நம்ம ஊரு இல்லவே இல்ல" என்றார். அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள்.

மாடத்தின் மேல் அடித்த அந்தச் சின்னச் சதுரம், சுவரைவிடப் பளிச்சென்று இருந்தது. அதில் யார் முகம் வந்தாலும் உள்ளே விளக்கேற்றின மாதிரி ஜொலித்தது. அண்ணன் ஏமாந்து வாங்கவில்லை. நாங்கள்தான் கெடுத்தோம்.

முடிவு வந்தது. புருஷன் வாசலில் நிற்கிறான். நான் அவர் பிடியிலிருந்து கையை உருவப் பார்த்தேன், முடியவில்லை. கதாநாயகியின் முகம் சரியாக அந்தச் சதுரத்தில் நின்று ஜொலித்தது. அழுதாள். பிறகு குனிந்து அவன் காலில் விழுந்தாள். அறையும் இல்லை, கதவும் சாத்தவில்லை. ஜன்னல் கம்பளியை எடுத்தார்கள், வெளிச்சம் வந்தது, தெரு முழுக்க என்னைப் பார்த்தது.

நாத்தனார் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூங்கிட்டியா அன்னிக்கு?"

"ஆமா அண்ணி."

"போடி. எடுத்தவனுக்குத்தான் கதை தெரியல. நீ சொன்னதுதான் சரியான முடிவு." கழியைத் தரையில் தட்டினார். "எல்லாரும் கேட்டுக்குங்க. அவ பளார்னு அறைஞ்சா, கதவைச் சாத்தினா. இந்த வீட்ல இந்தப் படம் அப்படித்தான் முடிஞ்சுது."

அதற்குப் பிறகு அந்தச் சுவரில் எத்தனையோ படம் ஓடியது. பிடிக்காத முடிவு வந்தால் என்னைத்தான் பார்ப்பார். "ஐயம்பேட்டை, நீ சொல்லு." நான் மாற்றிச் சொல்வேன். அப்படி மாற்றின முடிவுகளைத்தான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் செத்துப்போய் வெகுகாலம் ஆன பிறகும்.

நேற்று மருமகள்தான் ஜெயித்தாள். திரை வந்தது, நீளமான அட்டைக் குழாயில் சுற்றி. மகன் பிரித்தான். "மடிக்காதே" என்று கத்தினேன். "கஞ்சியும் போடாதே." அவன் விழித்தான். நான் விளக்கம் சொல்லவில்லை, பீரோவைத் திறந்து சிமிழை எடுத்துவந்து, மூடியைத் திறந்து, திரைக்குக் கீழே அலமாரியில் வைத்தேன். படம் தொடங்கியது. திரையில் பட்ட வெளிச்சம் கீழே தெறித்து, சிமிழுக்குள் ஒரு சிட்டிகை மினுக்கியது.

படம் எனக்குப் பாதியில் பிடிக்கவில்லை. முடிவை யோசித்து வைத்திருக்கிறேன்.