பழைய பெட்டிக்கு ஒரு உறை

அந்த ஸ்கேன் மையத்தில் அவளுக்குப் பூட்டக்கா என்று பெயர். எடுக்கிற படத்தையெல்லாம் பூட்டி வைப்பது அவள் வேலை. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே ஒரு எண்ணை எடுத்துச் சின்னச் சூத்திரம் ஒன்றில் போடுவாள். வருகிற விடையைத் திரும்ப அதிலேயே போடுவாள். ஆயிரம் தடவை இப்படிப் போனால் எண்கள் தறிகெட்டு ஓடும். அந்த ஓட்டத்தை வைத்துப் படத்தின் புள்ளிகளைக் கலைத்துவிடுவாள். முதல் எண்ணில் கடைசி இலக்கம் பிசகினாலும் படம் திறக்காது, திரை முழுக்க வெறும் மணல்தான். பதினைந்து இலக்கத்தையும் அவள் தலைகீழாக ஒப்பிப்பாள். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு, சும்மா சொல்லக் கூடாது.

தையல் கடை வைத்திருக்கும் அவள் அண்ணனின் மனைவிக்கு நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஸ்கேனிலும் அதே அளவில் இருந்தால் பயமில்லை, வளர்ந்திருந்தால் நாளைக்கே அறுவை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பழைய படம் பூட்டக்காவிடம்தான் இருந்தது. இதெல்லாம் ஒரு வேலையா என்று எண்ணைத் தட்டினாள். மணல். நிதானமாக மறுபடி தட்டினாள். அப்போதும் மணல்.

எண்ணை மறந்து தொலைத்தோமோ என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தவளுக்கு, போன மாதம் கம்ப்யூட்டரை மாற்றியது அப்போதுதான் உறைத்தது. நீண்ட தசமத்தின் வாலைப் பழையது ஓரிடத்தில் நறுக்கும், புதியது இன்னோரிடத்தில். மயிரிழை வித்தியாசம்தான்; ஆயிரம் சுற்று சுற்றினால் அது எங்கே போய் நிற்கும்! பழைய பெட்டியை அண்ணன் கடையில் டிசைன் பார்க்க இவளேதான் கொடுத்திருந்தாள். இடத்தை அடைக்கிறது, பழைய இரும்புக்காரனிடம் போடுங்கள் என்று அண்ணி தினமும் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தாள். போட்டிருந்தால்? பூட்டக்கா படத்தைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

நல்லவேளை, துணிக் குவியலுக்கு நடுவே பெட்டி இருந்தது. அதே எண்ணைத் தட்டினாள். அது முக்கி முனகிப் படத்தைத் திறந்தது. புள்ளியை அளந்தாள். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தாள்.

"அதே அளவுதான் அண்ணி. இம்மிகூட மாறல."

படத்தைப் பார்த்த டாக்டரும் அறுவை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அண்ணன் தைத்துக்கொண்டிருந்த சட்டையிலேயே முகத்தைப் புதைத்து அழுதார். அண்ணி அழவில்லை. அன்று மத்தியானமே, கடையில் இருந்ததிலேயே நல்ல துணியாகப் பார்த்து வெட்டி, அந்தப் பெட்டிக்கு ஒரு உறை தைத்தாள்.